பதின்மூன்றாயிரம் ரூபாய் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி, தேவகோட்டை வாசகர், 6 அக்டோபர் 2024

வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. மழைக்காலம் வந்தால் சொல்லவே வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் பதின்மூன்றாயிரத்துக்குக் கிடைக்கிறது. 950 என்று போட்டிருக்கிறது. நாலு ஃபேன், நாலு லைட், ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார் ஓடினால் போதும். வாங்கலாமா, காசு வீணாகுமா?

7 அக்டோபர் 2024

வாங்குங்கள். இதே ரகத்தைப் பள்ளத்தூரில் ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. புதுக்கோட்டைப் பக்கத்தைச் சூறையாடிவிட்டு எங்கள் ஊர் மரங்களையும் விட்டுவைக்கவில்லை. கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் வண்டியில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். கேட்ட காசைக் கொடுத்தோம், வேறு வழி இல்லை. ஆத்தா கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கரண்ட் வந்த அடுத்த வாரமே மதுரைக்குப் போய் 11,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். டூ ஸ்ட்ரோக். இருபது கிலோகூட இருக்காது.

வைக்க இடமும் பிரச்சினை இல்லை. வீட்டின் பின்பகுதியில், மூன்றாம் கட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். முற்றம் இருப்பதால் புகை மேலே போய்விடும். ஒயர்மேன் இரண்டு முனையிலும் பின் வைத்து ஒரு ஒயர் செய்து கொடுத்தார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் பிளக்கில். வீடு முழுக்க வெளிச்சம்.

7 அக்டோபர் 2024, இரவு

மேலே எழுதியதில் ஒன்றை உடனே திருத்த வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டைப் படித்தேன். 950 என்பது மாடல் எண்தான், வாட்ஸ் இல்லை. தொடர்ந்து தரக்கூடியது 650 வாட்ஸ். 800 என்பது சில நிமிடம் மூச்சுப் பிடித்துத் தருவது. ஆறு வருஷம் வைத்திருந்தும் நான் அந்தத் தகட்டைப் படித்ததில்லை. பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட்ஸ், நாலுக்கு 300. எல்ஈடி நாலுக்கு 36. இதுவரை சரி. உங்கள் பட்டியலில் இருக்கும் ஃபிரிட்ஜும் மோட்டாரும் வேறு கணக்கு. மோட்டாரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது.

12 அக்டோபர் 2024

பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று ஒருவர் கேட்டார். தோராயமாகச் சொல்ல மனம் வராமல் அளந்தே பார்த்தேன். டேங்கைக் காலி செய்து, அளவுக் குவளையில் சரியாக ஒரு லிட்டர். 20 மில்லி 2டி ஆயில் கலந்து (ஐம்பதுக்கு ஒன்று, அதுதான் அளவு), நாலு ஃபேனும் லைட்டுகளும் போட்டுவிட்டு நேரம் குறித்தேன். 1 மணி 48 நிமிடத்தில் நின்றது.

பெட்ரோல் 101 ரூபாய், ஆயில் ஒரு ஆறு ரூபாய். கிடைத்தது சுமார் 0.6 யூனிட். ஆக ஒரு யூனிட் ஏறத்தாழ 180 ரூபாய். மின்வாரியத்தில் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் நானூறு வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். தாளில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன், கணக்கு மாறவில்லை.

அதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பராமரிப்பு நாளில் எட்டு மணி நேரம் ஓட்டினால் நாலரை லிட்டர், 475 ரூபாய். மாதம் ஒருநாள் பெற்றவர்களுக்கு ஃபேன் ஓடுவதற்கு அது பெரிய காசு இல்லை. தினமும் ஓட்டலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 2012-ல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெட்டினார்களே, அந்த மாதிரி காலம் மறுபடி வந்தால் இந்த மெஷின் நம்மை ஆண்டியாக்கிவிடும்.

26 அக்டோபர் 2024

மோட்டார் கதை.

எங்கள் பின்கட்டுக் கிணற்றில் அரை எச்.பி. மோனோபிளாக். அரை எச்.பி. என்றால் 373 வாட்ஸ், ஜெனரேட்டர் தருவது 650, பிறகென்ன என்று நினைத்தேன். இரண்டு இடத்தில் தப்பு. 373 என்பது மோட்டாரின் தண்டு வெளியே தரும் சக்தி. அதைத் தர அது கரண்டில் இழுப்பது 550, 600 வாட்ஸ். இரண்டாவது, நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு கேட்கும். ஊர்க் கம்பியில் இருந்து வரும்போது அது நமக்குத் தெரிவதில்லை, லைட் ஒருதரம் மங்கும், அவ்வளவுதான். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அது நெஞ்சில் மிதித்த மாதிரி.

சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் சத்தம் இறங்கிப் போய் "ம்ம்ம்" என்று முனகியது. மோட்டாரும் சுற்றாமல் முனகியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் தரம் மோட்டாரின் கப்பாசிட்டர் வெடித்து வெள்ளைப் புகை வந்தது. காயில் தப்பிவிட்டது என்று காரைக்குடியில் காயில் கட்டுபவர் சொன்னார், இன்னும் பத்து நொடி விட்டிருந்தால் அதுவும் போயிருக்குமாம். சுற்றாத மோட்டாரில் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் அது அடுப்புதான்.

கஜா சமயத்தில் தெருவில் வந்த ஜெனரேட்டர்களை நினைத்துப் பார்த்தேன். அவை வண்டியில் கட்டி வந்த பெரிய டீசல் மெஷின்கள். அவற்றைப் பார்த்துவிட்டு நான் போய் வாங்கியது வேறு ஜாதி. தண்ணீருக்காக வாங்கிய சாமான் தண்ணீர் ஏற்றவில்லை. அரை எச்.பி. மோட்டாருக்கு நம்பி வாங்குவதானால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு கிலோவாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். அது பதின்மூன்றாயிரத்துக்கு வராது.

தீபாவளிப் பலகாரத்துக்கு மாவாட்டும்போது கரண்ட் போனது. மேஜை கிரைண்டர் ஓடியது, 150 வாட்ஸ்தான். மிக்ஸி வேண்டாம், எஞ்சின் திணறுகிறது. ஃபிரிட்ஜ் ஒருதரம் கிளம்பியது, ஒருதரம் கிளம்பவில்லை. அப்படி அரைகுறையாக ஓட்டிக் கம்ப்ரஸரைக் கொல்ல வேண்டாம் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும்.

27 அக்டோபர் 2024

ஓல்ட்டேஜ் கேட்டவருக்கு: மல்டிமீட்டரில் லோடு இல்லாமல் 248. நானூறு வாட்ஸ் ஏற்றினால் 205. கூட்டினால் இறங்குகிறது, குறைத்தால் எகிறுகிறது. 50 ஹெர்ட்ஸ் வர எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்ற வேண்டும். விலை குறைந்த மெஷினில் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கவர்னர் வெறும் ஸ்பிரிங்கும் கம்பியும். அதனால்தான் ஃபேன் உறுமுகிறது, லைட் துடிக்கிறது. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று தனி ரகம் இருக்கிறது, கரண்டைச் சீராக்கித் தரும். விலை பல மடங்கு.

அப்பச்சி (அப்பா) காலத்தில் எங்கள் வீட்டில் ஸ்ரீராம் ஹோண்டா மண்ணெண்ணெய் மெஷின் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பாது. அப்பச்சி தன்னைத் தவிர வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்கள். இருபது வருஷம் ஓடியது. மெஷின் நல்லதா, அப்பச்சி கை நல்லதா என்று இப்போது யோசிக்கிறேன்.

19 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து பராமரிப்பு நாள். கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், கிளம்பவில்லை. சோக் போட்டு, சோக் எடுத்து, பிளக் கழற்றித் துடைத்து, நாற்பது தரமாவது இழுத்திருப்பேன். தோள்பட்டை போனது. காரைக்குடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைக் காட்டினார். அடியில் பிசின் மாதிரி பச்சையாக ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகிற ஜெட்டின் ஓட்டை தலைமுடி நுழையும் அளவு, அது அடைந்துவிட்டது. கழுவி மாட்ட 450 ரூபாய். பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

20 ஜனவரி 2025

நேற்று எழுதியதற்கு ஒருவர் நியாயமாக மறுப்புச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்கு ஊற்றியதன் மீதியை அப்படியே விட்டிருந்தேன். எண்பது நாள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது சரி, பழைய ரப்பர் வாஷரையும் அரிக்கும். ஆனால் எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிண்ணத்தில் அத்தனை நாள் நின்றால் ஆவியாகிப் பிசினைத்தான் விட்டுப்போகும், ஆயில் கலந்திருந்தால் இன்னும் மோசம். குற்றம் என்னுடையது. வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். டேங்கில் மீந்ததை ஸ்கூட்டரில் ஊற்றக் கூடாது, ஆயில் கலந்தது. டூ ஸ்ட்ரோக் மருந்தடிக்கும் மெஷின் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள்.

மாதம் ஒருதரம் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டாமல் வைத்த மெஷின் வேண்டிய நாளில் கிளம்பாது.

3 மார்ச் 2025

இப்போது எனக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆத்தாவுக்கு 81 வயது. பிப்ரவரியில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ராத்திரிக்கு ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார்கள். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர், 350 வாட்ஸ். அறைக் காற்றை இழுத்து நைட்ரஜனை வடிகட்டிவிட்டு ஆக்ஸிஜனைத் தருகிற மெஷின். உள்ளே ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. அப்படியென்றால் அதற்கும் தொடக்க இழுப்பு உண்டு.

ஜெனரேட்டரில் சோதித்தேன். அது மட்டும் என்றால் ஓடுகிறது. கூடவே இரண்டு ஃபேன் போட்டதும் ஓல்ட்டேஜ் இறங்கி, கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஆத்தா பயந்துபோனார்கள். ஃபேன் ஒன்று, லைட் ஒன்று, அதற்கு மேல் இல்லை என்று முடிவு செய்தோம். துணைக்கு பி டைப் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்தேன். ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது சிலிண்டர். கயிறு இழுக்கிற கையை நம்பி ஒரு உயிரை வைக்க முடியாது. சிலிண்டர் இருக்கும் அறையில் குத்துவிளக்கு ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம். ஆத்தாவுக்கு அதில் வருத்தம்.

23 ஏப்ரல் 2025

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். நான் 7 அக்டோபர் அன்று எழுதியதைப் படித்துவிட்டு யாராவது அதேபோல் செய்திருந்தால், இன்றே நிறுத்துங்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி கோடை மழை, இடி, காற்று. ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரை மூன்றாம் கட்டில் வைத்துக் கிளப்பி, ஆத்தாவின் மெஷினைப் போட்டேன். சாரல் அடித்ததால் பின்வாசல் கதவைச் சாத்தினேன். முற்றத்துக்கு மேலே போன வருஷம் ஷீட் போட்டிருந்தோம், குரங்குக்கும் மழைக்கும். அதை மறந்தே போனேன். முற்றம் இருக்கிறது, புகை மேலே போய்விடும் என்ற பழைய நினைப்பு.

நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். முகப்பு, வளவு (முற்றமும் சுற்றி அறைகளும் உள்ள முதல் கட்டு), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில். திண்ணையில் நின்று பார்த்தால் பின்கட்டுக் கிணறு தெரியும். காற்று முன்னும் பின்னும் ஓடத்தான் முன்னோர்கள் அப்படிக் கட்டினார்கள். அந்தக் காற்றுப் பாதையின் ஒரு முனையில் புகையை வைத்து, அந்த முனையின் கதவையும் சாத்தினால் அது எங்கே போகும்? வளவுக்கு வரும். வளவை ஒட்டிய அறையில்தான் ஆத்தா படுத்திருந்தார்கள்.

பதினொன்றரைக்கு என் மனைவி தலையை வலிக்கிறது என்றாள். மழைக்காற்று என்றேன். எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி. ஆத்தா வாந்தி வருகிறது என்றார்கள். விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். 97 காட்டியது. 97 இருக்கிறதே, பயமில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஓமத்தண்ணீர் வைக்க மூன்றாம் கட்டுக்குப் போனேன். நிலைப்படி தாண்டும்போது கால் துவண்டது.

அப்போதுதான் உறைத்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்புக்கு முடியவில்லை. மெஷினை அணைத்தேன். ஆத்தாவை நாற்காலியோடு தூக்கி முகப்பைத் தாண்டித் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். சிலிண்டரைத் திறந்து வைத்தோம். எல்லா வாசலையும் திறந்துவிட்டு விடியும் வரை மழைச்சாரலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அரை மணியில் எங்கள் இருவருக்கும் வலி விட்டது. ஆத்தாவைக் காலையில் டாக்டரிடம் காட்டினோம். இப்போது நன்றாக இருக்கிறார்கள்.

24 ஏப்ரல் 2025

ஆக்ஸிமீட்டர் 97 காட்டியதே, பிறகு எப்படி என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டேன்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாடை இல்லை. நமக்கு மூக்கில் ஏறுவது எரியாத பெட்ரோலும் ஆயிலும். அந்த வாடை வராத தூரத்தில்கூட இது இருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் ஒளியை வைத்து ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் ஆக்ஸிஜன் பிடித்த ரத்தம் மாதிரியே அதற்குத் தெரியும். ஆகையால் உயிர் போகிற நிலையிலும் அது 97 காட்டலாம். அந்தக் கருவியை நம்பித்தான் நான் ஓமத்தண்ணீர் வைக்கப் போனேன்.

மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களுக்காகத்தான் நம்மில் பலர் ஜெனரேட்டர் வாங்குகிறோம். அவர்கள் வீட்டில்தான் ஆக்ஸிமீட்டரும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து இருபதடியாவது தள்ளி, சன்னலுக்கும் வாசலுக்கும் நேராக இல்லாமல், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து வைக்க வேண்டும். திண்ணை, கார் ஷெட், முற்றம், தாழ்வாரம் எதுவும் "வெளியே" என்ற கணக்கில் வராது. கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. ஆத்தா அறைக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன்.

26 ஏப்ரல் 2025

வெளியே வைத்தால் நனையும், திருடு போகும் என்கிறார் ஒருவர். உண்மைதான். கிணற்றடிக்கு அப்பால் நாலு கால் நட்டு மேலே மட்டும் தகரம் போட்டேன், நாலு பக்கமும் திறப்பு. காலில் சங்கிலி, பூட்டு. 3,200 ரூபாய் ஆனது. நல்ல ஒயர் முப்பது மீட்டர் தனி. ஜெனரேட்டர் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

30 ஏப்ரல் 2025

அந்த இரண்டு முனையிலும் பின் உள்ள ஒயர். அதையும் வெட்டிப் போட்டுவிட்டேன்.

மழை ராத்திரிக்கு மறுநாள் எங்கள் தெருவில் கம்பி இழுத்த லைன்மேனுக்கு மோர் கொடுத்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மெயினை இறக்காம அந்த ஒயரைச் சொருகினீங்கன்னா என்ன ஆகும் தெரியுமாண்ணே? உங்க மீட்டர் வழியா லைனுக்குப் போகும். டிரான்ஸ்பார்மர்ல ஏறி அந்தப் பக்கம் பதினோராயிரமா மாறும். லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி நாங்க மேல நிப்போம்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கரண்ட் திரும்பி வந்தாலும் கெடுதல்தான். இரண்டும் மோதி ஜெனரேட்டர் காயில் எரியும். ஒயரைச் சுவரிலிருந்து உருவும்போது கையில் இருக்கும் பின்னில் 230 ஓல்ட் நிற்கும். ஊர் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டுவிட்டேன். இரண்டு கம்பியையும் சேர்த்து மாற்றுகிற டபுள் போல், ஃபேஸ் மட்டும் மாற்றுவது போதாது. ஒயர்மேன் கூலியோடு 2,400.

15 ஜூன் 2025

பங்காளி வீட்டில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை சீரியல் லைட், சமையல்கட்டில் பெரிய கிரைண்டர், மேளம், மைக். வாடகைக்கு சைலன்ட் டீசல் செட் வந்தது, லாரியோடு தெருமுனையில் நின்றது. வாடகை ஒன்று, டீசல் ஒன்று, ஆபரேட்டர் பேட்டா ஒன்று. ஐந்து வீடு பங்கு போட்டுக்கொண்டதால் வலிக்கவில்லை. விசேஷத்துக்கு உதவும் என்று சின்ன ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடலாம். ஒரு ரூம் ஃபேனுக்கும் பந்தல் மைக்குக்கும் ஆகும், அவ்வளவுதான்.

9 ஆகஸ்ட் 2025

இன்வெர்ட்டர் போட்டாகிவிட்டது. 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு. இரண்டும் சேர்ந்து தரும் 24 ஓல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 3.6 யூனிட் வருகிறது. முழுதும் வடிய விடாமல், இன்வெர்ட்டர் தின்பதும் போக, கையில் கிடைப்பது இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. ஆத்தாவின் மெஷினுக்கு மட்டும் என்றால் ஏழு மணி நேரம். வளவிலும் ஆத்தா அறையிலும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன், ஒன்றுக்கு முப்பது வாட்ஸ் சொச்சம். 75 வாட்ஸ் ஃபேனை ஓட்ட ஜெனரேட்டர் தேடுவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு என்பதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

மொத்தம் 46,000. ஜெனரேட்டரைப்போல நாலு மடங்கு. ஆனால் கரண்ட் போனதே ஆத்தாவுக்குத் தெரிவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் எழுந்து கயிறு இழுக்க வேண்டாம். சத்தம் இல்லை, புகை இல்லை. மாதம் ஒருதரம் டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும், சார்ஜ் ஆகும்போது வாயு வரும், அதனால் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கிறேன்.

நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து இருக்கிறது. பேட்டரி அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி ஆயிரம் தரம் போயிருக்கிறேன், உள்ளே நடப்பது என் வீட்டுக் காரியம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

10 ஆகஸ்ட் 2025

சோலார் போட்டுவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்ற கேள்விக்கு: மத்திய அரசு மானியத்தில் (மூன்று கிலோவாட்டுக்கு 78,000) கூரையில் போடுவது பெரும்பாலும் ஊர்க் கம்பியோடு இணைந்த ஆன்-கிரிட். ஊரில் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் அதுவும் நின்றுவிடும். லைன்மேன் சொன்ன அதே காரணம்தான், கம்பியில் வேலை செய்பவர் உயிர். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் என்றால்தான் மின்தடையில் உதவும். பில் குறைய ஆன்-கிரிட் நல்லது, இருட்டுக்கு ஆகாது.

12 அக்டோபர் 2025

கேள்வி கேட்ட தேவகோட்டைக்காரர் ஒரு வருஷம் கழித்து எழுதியிருக்கிறார். என் முதல் பதிலைப் படித்துவிட்டுப் போன வருஷமே வாங்கிவிட்டாராம், மீதியை இப்போதுதான் படித்தாராம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று உடனே கேட்டேன். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், தோட்டத்தில், என்றார். மனசுக்கு அப்பாடா என்று இருந்தது.

இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் என் பதில் வேறு. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு முதலில் பேட்டரி இன்வெர்ட்டர், பிறகு பிஎல்டிசி ஃபேன். கிணற்று மோட்டாருக்கு இந்த மெஷின் ஆகாது. அந்தப் பெரியவர்களுக்குக் கயிறு இழுக்கவும் முடியாது, புகை வந்தால் ஓடவும் முடியாது. பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு, வாங்கி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிற சாமான் இது இல்லை.

யாருக்கு ஆகும் என்றால், குன்றக்குடித் திருவிழாவில் தட்டுக்கடை போடுகிறவருக்கு ஆகும். கம்பி போகாத காட்டில் ஒரு டிரில் ஓட்ட வேண்டிய ஆளுக்கு ஆகும். திறந்தவெளி, சின்ன லோடு, கூடவே ஓர் ஆள். எங்கள் தெருவில் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற குழு ஒன்று இருக்கிறது, கோயில் கோயிலாகப் போகிறவர்கள். போன மாதம் என்னிடம் இரவல் வாங்கிப்போய் இரண்டு ராத்திரி மைக் ஓட்டினார்கள். நன்றாக ஓடியதாம்.

கஜா மாதிரி ஏழெட்டு நாள் என்றால் என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். பேட்டரியை நிரப்ப ஏதாவது வேண்டுமே. அதற்காகத்தான் இதை விற்கவில்லை. பகலில், கிணற்றடித் தகரத்தின் கீழே, இரண்டு இரண்டு மணி நேரமாக ஓட்டிப் பேட்டரியை ஏற்றலாம். ஆனால் இன்வெர்ட்டர் இந்த மெஷினின் கரண்டைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. 248-ல் நிற்கும்போது வெட்டிவிடுகிறது. முதலில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு ஓல்ட்டேஜை இறக்கி, இன்வெர்ட்டரின் சுவிட்சை யுபிஎஸ்ஸிலிருந்து, ஓல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைக் கூடுதலாகப் பொறுக்கும் நார்மலுக்கு மாற்றினால் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருதரம் சோதித்துவிட்டேன்.

தேவகோட்டை நண்பருக்கு: ஆயில் லிட்டருக்கு 20 மில்லி. வேலை முடிந்ததும் குழாயை மூடி, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். இரண்டு முனையிலும் பின் உள்ள ஒயர் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதை வெட்டிவிடுங்கள்.